தோணி ஒரு விரல் தாழ்ந்தது

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து வந்த என் மகள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்கு ஏழாம் மாதம். போன மாதம் பார்த்த நிறையிலிருந்து இந்த மாதம் கொஞ்சமும் கூடவில்லையாம். பிள்ளை வளர வேண்டாமா, நல்லாச் சாப்பிடுங்க என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். போதாக்குறைக்கு அவளுடைய ஃபோனில் ஒரு ஆப் வேறு. இந்த வாரம் உங்கள் குழந்தை கத்தரிக்காய் அளவு... அடுத்த வாரம் தேங்காய் அளவு... என்று தினமும் காய்கறிக் கடை விரித்துக்கொண்டிருக்கும். அதிலும் சிவப்புக் கோடு விழுந்துவிட்டதாம்.

கேட்க வேண்டுமா? செய்தி களுவாஞ்சிக்குடி முழுக்கப் பரவிவிட்டது. ஒருத்தி எருமைத் தயிர் முட்டியோடு வந்தாள். இன்னொருத்தி வாவி இறாலைத் தொலித்துக் கழுவியே கொண்டுவந்தாள். நான் என் பங்குக்கு தேங்காய்ப்பால் விட்ட முருங்கையிலைப் பாலாணம், அவித்த பயறு, முட்டை என்று அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அவள் இரண்டு வாய் வைப்பாள். பிறகு பீங்கானைத் தள்ளிவிடுவாள்.

"எறங்குதில்லம்மா."

நான் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் குடியிருப்பவள் நான். வீட்டுக்காரியை அதட்டிச் சாப்பிட வைக்க முடியுமா?

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க என்ன வயித்தில வச்சிருக்கக்குள்ள எத்தின கிலோம்மா கூடினீங்க?"

"கிலோ தெரியா மகள்" என்றேன். "ஒரு விரல்."

"ஒரு விரலா?"

"ஓம். தோணி ஒரு விரல் தாழ்ந்த."

அம்மாவுக்கு வயது போய்விட்டது என்ற பார்வை ஒன்று பார்த்தாள். நீங்களும் அப்படிப் பார்க்க முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்தோம். வாவிக்கு மேற்குக் கரை. சூரியன் படுகிற பக்கம் என்பதால் அது படுவான்கரை. எதிரே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. இந்தப் பெயர்களை வைத்தவர் யாரோ, பாதித் தூக்கத்தில் கனவு கண்டபடி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் அது யுத்த காலம். எங்கள் கரை ஒருவர் கையில். அக்கரை இன்னொருவர் கையில். ஆஸ்பத்திரி அக்கரையில். நடுவில் வாவி. கடப்பதற்குப் 'பாதை' ஓடும் – பாதை என்றால் எங்கள் ஊரில் ரோடு இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் சமயத்தில் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மிதக்கிற பெரிய தட்டு. அது பின்னேரத்தோடு நின்றுவிடும். இருட்டிய பிறகு தண்ணீரில் எது அசைந்தாலும் சுடுவார்கள். மீன் துள்ளினதற்குக்கூடச் சுட்டார்கள் என்று சிரிப்பதற்கு ஒரு பகிடி உண்டு. பகிடிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் நானும் என் மச்சாள் ரஞ்சியும் – அவள் என் கணவரின் தங்கை – ஒன்றாகப் பிள்ளைத்தாச்சியானோம். இரண்டு பேருக்கும் தலைப்பிள்ளை. அவள் எனக்கு ஒரு மாதம் முந்தி.

நான் தின்றேன். வெட்கமில்லாமல் தின்றேன். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வட்டம் கீறினால் எனக்கு அது அப்பமாகத் தெரியும்.

ரஞ்சி தின்னவில்லை. சோறு இல்லாமலில்லை. அவளுடைய புருஷன் வட்டையில் செய்த வெள்ளாமை அந்தப் போகம் நன்றாக விளைந்து, நெல் மூட்டைகள் அறை முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. மசக்கையும் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் நாலு வாய் சோற்றோடு கையைக் கழுவிவிடுவாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, வயிறு மட்டும் ஏனோதானோ என்று முன்னால் நின்றது.

ஏன்?

அடுக்களைக்கு அடுக்களை ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாத கதை. அம்மிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து காதோடு காதாகச் சொல்கிற கதை.

"கொஞ்சமாத் தின்னு புள்ள. சின்னப் புள்ளயெண்டா வீட்டிலயே லேசாப் பிறந்திடும். வாவி தாண்டத் தேவயில்ல."

இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் எங்கள் ஒழுங்கையில் கமலா அக்கா இருந்தாள். நல்ல வாட்டசாட்டமான பொம்பிளை. சிரித்தால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். பாதை நின்ற பிறகு அவளுக்கு வலி எடுத்தது. புருஷன் வடிவேல் அண்ணன் வாவியில் மீன் பிடிக்கிறவர். அந்தக் கிழமை தோணியோடு தெற்கே தொலைவில் போய் கரையில் கொட்டில் போட்டு வாடியடித்துத் தங்கியிருந்தார். மற்றத் தோணிக்காரர்கள் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியும்வரை கரையிலேயே வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பிள்ளை பெரிசாம் என்றது ஊர். அதனால்தானாம்.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டும் இல்லையா? தோணி ஓட விடவில்லை என்று சொன்னால் யார் மேலாவது கோபப்பட வேண்டி வரும். அந்தக் காலத்தில் கோபப்படுவது ஆபத்தான வேலை. அதனால் பழியைத் தூக்கிப் பிள்ளையின் மேல் போட்டார்கள். அது திருப்பிக் கதைக்காதே.

அப்படித்தான் சோற்றுப் பானை நிறைந்திருந்த வீடுகளில் பிள்ளைத்தாச்சிகள் அரை வயிற்றோடு படுத்தார்கள்.

மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக். அக்கரையிலிருந்து மிட்வைஃப் அக்கா சைக்கிளோடு வருவார். வெள்ளைச் சாறி, கறுப்புக் குடை, கண்டிப்பான முகம். பள்ளிக்கூடத்து விறாந்தையில் நிறை பார்க்கிற மெஷினை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். ரஞ்சியின் நிறை இரண்டு மாதமாக அசையவில்லை. "அடுத்த முறையும் கூடாட்டி உன்ன அக்கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாட்டில போட்டுருவன்" என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த கிளினிக். ரஞ்சி மெஷினில் ஏறினாள். ஊசி ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் போய் நின்றது.

மிட்வைஃப் அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரே சந்தோஷம். ரஞ்சியின் முகத்தில் மட்டும் சந்தோஷமில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மூச்சடக்கி நின்றாள்.

பிறகு... சளசளவென்று ஒரு சத்தம்.

அவளுடைய சாறிக்குள்ளிருந்து குத்தரிசி கொட்டியது. மெஷின் மேல், விறாந்தையில், படிக்கட்டில். சீலைத்துண்டில் அரிசியை முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. எங்கிருந்துதான் வந்தனவோ, பள்ளிக்கூடத்து வளவில் மேய்ந்த கோழிகளெல்லாம் ஓடிவந்து அவளுடைய காலடியைச் சுற்றிக் கொத்தத் தொடங்கின. ஊசி பழைய இடத்துக்குத் திரும்பியது.

நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் இருக்க முடியுமா? வரிசையில் நின்ற வயிறுகளெல்லாம் குலுங்கின. மிட்வைஃப் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னகா ரஞ்சி இது? இந்த அரிசியச் சமச்சுத் திண்டிருந்தா, இத இடுப்பில கட்டிக்கொண்டு வரத் தேவயில்லையே!"

ரஞ்சி அப்படியே விறாந்தையில் குந்திவிட்டாள்.

"எனக்குச் சின்னப் புள்ள போதும் அக்கா. வீட்டிலயே பெத்திருவன். கமலாக்காட புள்ள பெரிசெண்டுதானே..."

"ஆரு சொன்ன? மெலிஞ்சு பிறக்கிற புள்ள மூச்சு விடவே பாடுபடும். நீயும் பெலனில்லாம, முக்கக்கூட ஏலாமக் கிடப்பாய். கமலா புள்ள பெருத்ததால சாகல்ல மனே."

ரஞ்சி நிமிர்ந்து பார்த்தாள். சண்டைக்காரி இல்லை அவள், மெல்லத்தான் கேட்டாள்.

"சரி அக்கா. நான் தின்னுறன். புள்ளயும் பெருக்கட்டும். இருட்டினாப் பொறகு வலி வந்தா... ஆரு என்ன அக்கரைக்குக் கொண்டுபோற?"

மிட்வைஃப் அக்கா குனிந்து அரிசியை அள்ளத் தொடங்கினார். சிரித்துக்கொண்டிருந்த நாங்களும் அடங்கிப்போனோம்.

அந்தக் கேள்வி காதில் விழுந்த இன்னொருவரும் அங்கே இருந்தார். அன்றைக்குப் பாதை ஓடவில்லை. மிட்வைஃப் அக்காவைத் தன் தோணியில் ஏற்றி வந்த வடிவேல் அண்ணன், திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்காக வாகை மரத்தடியில் காத்திருந்தார். அவருடைய கவிழ்ந்த தலை நிமிரவில்லை.

அடுத்த நாள் காலையில் ரஞ்சியின் வீட்டுக்குப் பின்னால், வாவிக்கரைக் கண்ணா மரத்தில், அவருடைய தோணி கட்டியிருந்தது.

"தங்கச்சி, இது இனி இஞ்சதான் கிடக்கும். நானும் இந்தக் கரைக் கொட்டிலுக்குள்ளதான் படுப்பன். எந்த நேரமெண்டாலும் சரி. நீ தின்னு."

"சுட்டா?" என்றாள் ரஞ்சி.

"சுட்டா முதல்ல எனக்குத்தான். நீ அடியில படுத்துக் கிட."

அவ்வளவுதான் கதைத்தார். அப்போ தொழில்? வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து மீன் பிடித்தார். தோணி இருக்கிற ஒரு மனிதர் கரையோரம் நடந்து வலை வீசுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ரஞ்சி உடனே நம்பினாளா? இல்லை. காலையில் எழும்பியதும் கரைக்கு ஓடிப் பார்ப்பாள். பின்னேரம் போய்ப் பார்ப்பாள். தோணி இருந்தது. மறுகா போய்ப் பார்ப்பாள். இருந்தது. ஒரு மத்தியானம் பார்க்கப் போனவள் சோற்றுப் பீங்கானையும் கையோடு கொண்டுபோனாள். கட்டியிருந்த தோணிக்குள் ஏறி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

அங்கே உட்கார்ந்தால்தான் இறங்குகிறதாம். விடுவேனா நான்? அடுத்த நாள் என் பீங்கானும் தோணிக்குள் வந்தது.

அந்த மத்தியானங்களை எப்படிச் சொல்வேன்... பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான். கண்ணா மரத்தின் நிழல் எங்கள் மேல் மெல்ல ஆடும். தண்ணீர் தோணியின் விலாவைத் தட்டித் தட்டிக் கேட்கும். சிவப்பரிசிச் சோறு, மீன் புளியாணம், கீரை, கட்டித் தயிர். இரண்டு வயிறுகளும் எதிரெதிரே. சாப்பிட்டு முடித்தால் கண் சொருகும். தோணி எங்களை ஆட்டும். எங்களுக்குள் இருந்தவர்களை நாங்கள் ஆட்டுவோம். பெரிய தொட்டிலுக்குள் சின்னத் தொட்டில்கள். தூரத்தில் எங்கோ வெடிச் சத்தம் கேட்கும். அது வேறு யாருடைய நாட்டிலோ நடப்பதுபோல் இருக்கும். அக்கரைத் தென்னைகள் வெயிலில் கலங்கிக் கரைந்து, இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததேயில்லை – யுத்தத்தின் நடுவில், கட்டிப்போட்ட ஒரு தோணியில்!

மட்டக்களப்பு வாவி என்றதும், அங்கே மீன் பாடும் என்பார்களே, அந்தப் பாடும் மீனைப் பற்றி எழுதுவேன் என்று காத்திருக்கிறீர்களா? நாங்கள் ஒரு பாட்டும் கேட்கவில்லை. ரஞ்சியின் குறட்டையைத்தான் கேட்டேன்.

ஒரு நாள் வடிவேல் அண்ணன் வந்து, நாங்கள் இருவரும் உள்ளே இருக்கும்போது, தோணியின் வெளிப்பக்கம் தண்ணீர் தொடுகிற இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினார்.

"இனி மெஷின் தேவயில்ல. ரெண்டு பேரும் தின்னுங்க. தோணி சொல்லும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பார். "தாழுது தங்கச்சி!" என்பார். "இன்னும் கொஞ்சம் தாழுது!" ரஞ்சி எட்டிப் பார்ப்பாள். கோடு தண்ணீருக்குள் நெளியும். ஒரு விரல் அகலம்! மகிழ்ச்சியில் இன்னொரு அகப்பை சோறு போடுவாள்.

நான் கணக்கு டீச்சர். இரண்டு பொம்பிளைகள் எவ்வளவுதான் தின்றாலும் அந்தத் தோணி அந்த வேகத்தில் தாழாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் கொஞ்சம் முந்திப் போனேன். வடிவேல் அண்ணன் தோணிக்குள் சிரட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்! அடிப்பலகைக்குக் கீழே, வெளியில் தெரியாத மாதிரி. என்னைக் கண்டதும் சிரட்டையைப் பின்னால் ஒளித்தார்.

"மரம் காயாம இருக்க ஊத்துறன் டீச்சர்" என்றார்.

"ஓம் அண்ணன். காயக்கூடாதுதானே" என்றேன்.

அவள் அரிசியைக் கட்டி மெஷினை ஏமாற்றினாள். இவர் தண்ணீரை ஊற்றி அவளை ஏமாற்றினார். ஆனால் அடுத்த கிளினிக்கில் ஊசி உண்மையாகவே முன்னால் போய் நின்றது. மிட்வைஃப் அக்கா அவளுடைய இடுப்பைத் தடவிப் பார்த்தார். அரிசி இல்லை. சதை! அன்றைக்குப் போகும்போது அவர் தன் பழைய வெள்ளைச் சாறி ஒன்றை வடிவேல் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். "கம்பில கட்டுங்க. தூரத்திலயே தெரியட்டும்."

ரஞ்சிக்கு வலி வந்தது, பயந்தபடியே, பாதை நின்ற பிறகு. பொழுது படுகிற நேரம்.

யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. வடிவேல் அண்ணன் ஊற்றி வைத்திருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டினார் – அவசரத்திலும் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ரஞ்சியை அடியில் படுக்க வைத்தோம். அவளுடைய அம்மா தலைமாட்டில். புருஷன் ஏறப் போனான். "இளம் ஆம்பிளை வேணாம், நில்லு" என்று தடுத்துவிட்டார் வடிவேல் அண்ணன். முன்னால் கம்பில் வெள்ளைச் சாறி. அவர் நிமிர்ந்து நின்றே நீண்ட கம்பை ஊன்றித் தோணியைத் தாங்கினார். உட்காரவில்லை. தன்னை முழுசாகக் காட்டிக்கொண்டு போனார்.

நான் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். பக்கத்தில் என் மச்சாளின் புருஷன், சத்தமில்லாமல் அழுதுகொண்டு. எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் படுகிறது. வாவியின் மேல் கடைசி வெளிச்சம். அந்த வெளிச்சம் முழுவதையும் வெள்ளைச் சாறி ஒன்றே எடுத்துக்கொண்டு போகிறது. சிறுத்து... சிறுத்து... ஒரு கொக்கு அளவாகி... பிறகு அதுவும் இல்லை.

வெடிச் சத்தம் கேட்கப் போகிறது, கேட்கப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கேட்கவில்லை. கடைசியில் அக்கரையில் ஒரு லாம்பு உயர்ந்து தாழ்ந்தது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ரஞ்சி சொன்னாள். "ஆமிக்காரன் ஒருத்தன் துவக்க நீட்டிக்கொண்டுதான் நிண்டவன் மச்சாள். கிட்ட வந்து என்ட வயித்தப் பாத்தான். துவக்கத் தோளில போட்டுட்டு, சப்பாத்தோட தண்ணிக்குள்ள இறங்கித் தோணிய இழுத்தான். இவ்வளவு பெரிய வயித்த அவன் எங்கயும் கண்டிருக்க மாட்டான்!"

பெண் குழந்தை. நல்ல கொழுகொழு. தூக்க இரண்டு கையும் வேண்டும் என்றார் மிட்வைஃப் அக்கா. பெரிய பிள்ளைதான் – ஆனாலும் நல்லபடி பிறந்தது. ரஞ்சிக்குப் பெலன் இருந்தது, அவளைக் கொண்டுபோக ஆள் இருந்தது. பெயர் கமலா. வேறு என்ன பெயர் வைப்பாள்?

வடிவேல் அண்ணன் அந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தார். தூக்கச் சொன்னோம். மாட்டேன் என்று தலையாட்டினார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். போய்த் தோணியை அவிழ்ப்பார் என்று நினைத்தேன். அவிழ்க்கவில்லை. "இன்னும் ஒராள் இருக்கே டீச்சர்" என்றார். எனக்கு வலி வந்தது பட்டப்பகலில், பாதை ஓடுகிற நேரத்தில். நான் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நின்று அக்கரைக்குப் போனேன். ஆனால் அதுவரை நான் சாப்பிட்ட சோறெல்லாம் அந்தத் தோணியை நம்பிச் சாப்பிட்ட சோறுதான்.

அப்படிப் பிறந்தவள்தான் செவ்வாய்க்கிழமை செருப்போடு நின்று அழுதவள்.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் ஃபோனைக் கீழே வைத்திருந்தாள். இத்தனை நாளும் அவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் எல்லோரும் கேட்டோம். நான் வேறொன்றைக் கேட்டேன்.

"எதுக்கு மகள் பயப்படுறாய்?"

மெல்லச் சொன்னாள். மருமகன் கட்டாரில். பிள்ளை பிறக்கிற மாதத்துக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"வீட்டில நீங்களும் நானும்தானே. இருட்டினாப் பொறகு வலி வந்தா... ஆரம்மா என்னக் கொண்டுபோற?"

அதே கேள்வி. யுத்தமில்லை, சுடுவாரில்லை, வாவிக்கு மேலே பாலம் போட்டாயிற்று, ஃபோன் அடித்தால் அம்புலன்ஸ் வரும். எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "வரும்தான்" என்றாள், நம்பாத குரலில். கண்ணால் காணாத வண்டியை எந்தப் பிள்ளைத்தாச்சி நம்புவாள்?

பக்கத்து வீட்டுச் சசி ஓட்டோ ஓடுகிறவன். அன்று பின்னேரமே போய்க் கதைத்தேன். "அதுக்கென்ன அன்ரி, எனக்கும் விடுறதுக்கு இடமில்லாமத்தான் கிடக்கு" என்றான். அன்றிலிருந்து ஓட்டம் முடிந்ததும் அவனுடைய ஓட்டோ எங்கள் முற்றத்தில், மகளின் ஜன்னலுக்கு நேரே, வாசலைப் பார்த்தபடி நிற்கிறது. வண்டியின் திறப்பு எங்கள் சுவர் ஆணியில் தொங்குகிறது. கூப்பிட்டால் மதிலுக்கு மேலால் பாய்ந்து வந்துவிடுவான்.

முதல் நாள் மகள் ஜன்னலால் பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். நேற்றுப் பின்னேரம் அவளைக் காணவில்லை. தேடிக்கொண்டு முற்றத்துக்குப் போனால், ஓட்டோவின் பின் சீட்டில் மடியில் பீங்கானோடு உட்கார்ந்திருக்கிறாள். இறால் கறி, தயிர், இரண்டாம் முறை போட்ட சோறு. கண் பாதி சொருகியிருந்தது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்கு நிறை கூடவில்லையென்றால் தயிர் முட்டியோடு ஓடுவதற்கு முன், அவளுடைய தோணி கட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.

ஓட்டோ ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது என்று நான் சத்தியம் செய்வேன் – டயருக்குக் காத்துப் போதாது என்கிறான் சசி.